சவரிமுத்துவின் மரவண்டிக்கு நான் சொன்ன விலை

பழைய வண்டிகளுக்கு விலை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். எஞ்சினைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கியர் பெட்டியின் இரைச்சல் கேட்காமலிருக்க உள்ளே மரத்தூளைக் கொட்டிவைக்கும் தரகர்களை ஒரே வருஷத்தில் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். நான் முதல் தடவை அப்படி ஏமாந்தபோது, என்னை நம்பி வண்டி வாங்கியவர் கூட்டேரிப்பட்டிலிருந்து விழுப்புரம் வரைக்கும் என் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வந்தார். அது பெரிய தப்பில்லை. ஏமாந்தவனுக்கு அடுத்த தடவை புத்தி வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. கண்ணால் சரியாகப் பார்த்து, கையால் சரியாகத் தொட்டு, உண்மையைத்தான் பேசினேன். ஆனாலும் அது தப்பு. இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான்.

ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். வயது இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் யாராவது பழைய கார் வாங்குவதென்றால், கேட்கிற விலை நியாயமா என்று பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாலைந்து வண்டிகளுக்கு நான் சொன்னது சரியாக அமைந்ததில், 'அந்தப் பையன் கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்று ஒரு பேர் கிளம்பிவிட்டது. அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருந்தது. வேலையைவிட அந்த நினைப்புதான் அதிகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

விழுப்புரத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு முதலாளி ஒருநாள் காலையில் ஷெட்டுக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். திண்டிவனத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன் விலைக்கு இருக்கிறது, இரண்டாயிரம் கேட்கிறான், வந்து பார் என்றார். ஸ்டேஷன் வேகன் என்றால் கூரை பின்கடைசி வரை போகும் நீளமான கார். பின்பக்கமும் ஒரு கதவு. நடுச்சீட்டுக்குப் பின்னால் இன்னொரு சீட்டு போடலாம், கழற்றினால் மூட்டை அடுக்கலாம். யுத்தத்துக்கு முந்தைய வண்டிகளில் இடுப்புக்கு மேலே உடம்பெல்லாம் மரம். அதனால் எங்கள் பக்கத்தில் அதை மரவண்டி என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் மயிலம் கோயில் பங்குனி உத்திரத்துக்கும் வாடகைக்கு விடலாம் என்பது முதலாளியின் கணக்கு.

வண்டியின் சொந்தக்காரர் சவரிமுத்து. ஐம்பதை நெருங்கியவர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வண்டியை ஏலத்தில் எடுத்து, திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் போட்டு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, மற்றதிலும் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. இனி ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றது. எங்களைப் பார்த்ததும் அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இன்னாய்யா, ரெண்டாயிரம்ன்னு வாய் கூசாம கேக்கறியாமே?" என்றேன். அவருக்கு என் அப்பா வயது. அப்படித்தான் பேசினேன்.

"கூடக் கேக்கல சார். பெருமுக்கல் பக்கத்துல ஒரு காணி நிலம் பேசி வெச்சிருக்கேன். மல்லாட்டை நல்லா வெளையற பூமி. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டாயிரம் குடுத்தா எழுதிக் குடுத்துடறேன்னாரு நெலத்துக்காரரு. எங்க அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவங்க நெலத்துலயே வேல செஞ்சி செத்தவங்க. கண்ணு போறதுக்குள்ள ஒரு காணியாவது எம்பேர்ல பாத்துட்டா போதும் சார்."

இதை அவர் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

முதலாளிக்கு மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "ஜல்தி பாருப்பா. நியாயமான வெலயா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றார். அதற்குள் டீக்கடையில் இருந்தவர்கள், கேட்டில் காத்திருந்த வண்டிக்காரர்கள் என்று பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். டீக்கடைக்காரரும் கல்லாவை விட்டுவிட்டு வந்து நின்றார். கார் விற்பது அப்போது ஒரு வேடிக்கை. நானும் அந்த வேடிக்கைக்கு ஏற்றமாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

வண்டி நன்றாக இருந்தது. மரவண்டியில் ஏமாற்றுவது மரம்தான். வார்னிஷ் பளபளக்கும், உள்ளே உளுத்திருக்கும். நான் எப்போதும் ஒரு கோணி ஊசி வைத்திருப்பேன். ஒவ்வொரு மரத்தூணிலும் அடிப்பக்கமாகக் குத்திப் பார்த்தேன். எங்கேயும் ஊசி இறங்கவில்லை. இரண்டு தூண்களை மட்டும் வேங்கை மரத்தில் மாற்றியிருந்தார், அதுவும் கைதேர்ந்த தச்சன் வேலை. எஞ்சின் சீராக ஓடியது. மனதுக்குள் இரண்டாயிரத்து நானூறு என்று போட்டுக்கொண்டேன். அவர் கேட்டது அதற்கும் நானூறு கீழே. அந்த இடத்திலேயே 'வாங்கலாம்' என்று சொல்லி இறங்கியிருக்கலாம்.

ஆனால் பின்சீட்டின் போல்ட்டுகள் கண்ணில் பட்டுவிட்டன. வண்டி முழுக்க போல்ட்டுகளில் துரு ஏறியிருக்க, இந்த நாலு போல்ட்டுகளின் தலை மட்டும் தேய்ந்து பளிச்சென்று இருந்தது. அடிக்கடி சீட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மூட்டை ஏற்றத்தான் என்றால் தரைப்பலகையில் கீறல் விழுந்திருக்கும். பலகையோ வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கமும் தரையில் இரும்பு வளையம் அடித்து, அதில் கயிறு கட்டி அவிழ்த்த தடம் இருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. ஸ்பேனரை வாங்கிச் சீட்டைக் கழற்றினேன். கடைசிப் பலகையை நெம்பி எடுத்தேன். சந்தில் ஊதுவத்திக் குச்சிகள், காய்ந்த சாமந்தி, அப்புறம் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்த கோடித்துணி. மஞ்சள் கறையோடு இருந்தது.

அந்தத் துணியை முதலாளியிடம் மட்டும் காட்டியிருக்கலாம். சவரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் அதை ஊசி முனையில் குத்தி எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன்.

"பொணம் ஏத்தற வண்டிங்க இது!"

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. என் கண் எதிரிலேயே அந்த வண்டியின் விலை இறங்கியதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற பேர் திண்டிவனத்திலும் நிலைத்துவிட்டது அல்லவா.

சவரிமுத்து மறுக்கவில்லை. "ஆமாங்க, ஏத்திக்கினு போயிருக்கேன். பெரிய ஆஸ்பத்திரியில செத்துப்போனவங்கள ஊருக்குக் கொண்டாற எந்த வண்டியும் வராது. மாட்டுவண்டிக்காரன்கூட வரமாட்டான். வாந்திபேதியில போனவங்கள ஆருங்க தொடுவா? எந்தத் தெருவுன்னு நான் கேட்டதில்ல. கூப்ட்டாங்க, போனேன். ஒவ்வொரு வாட்டியும் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, வெயில்ல காயவெச்சித்தான் அடுத்த சவாரி ஏத்துவேன். மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லு. இன்னா வெல?"

இங்கேதான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன், நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை. மரத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் பதினைந்து பேர் பின்னால் போய்விட்டார்கள். எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவகாசம் இருந்தது. துணிச்சல்தான் இல்லை. இவ்வளவு பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டு, 'இருந்தாலும் ரெண்டாயிரம் நியாயம்தான்' என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன்.

"ஆயிரத்துக்கு மேல குடுத்தீங்கன்னா நஷ்டம்" என்றேன்.

முதலாளி ஆயிரத்து நூறு கொடுத்தார். அந்த நூறு ரூபாயைத் தர்மம் செய்வதுபோலச் சேர்த்துக் கொடுத்தார். சவரிமுத்துவால் காத்திருக்க முடியாது. இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் திண்டிவனம் முழுக்கப் பரவிவிடும், அப்புறம் ஆயிரத்துக்கும் ஆள் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கிக்கொண்டு வண்டியின் மரத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தாண்டியதும் நிலம் வேறு ஒருவர் பேருக்குப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்பதோடு விட்டுவிட்டேன். நம் கையில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, மரத்தின் மேல் தகரம் அடித்து நீல பெயின்ட் பூசினார். அடுத்த தை மாதமே அந்த வண்டியில் மாப்பிள்ளைகள் ஏறினார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் முகூர்த்த நாள் தவறாமல் ஓடியது. அதில் ஏறிப்போன கல்யாணம் எதுவும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

அப்புறம் அவர் பெரிய லாரி ஒன்று வாங்க நினைத்து, வேகனைக் கோலியனூர்க்காரர் ஒருவருக்கு விற்க முடிவு செய்தார். விலை இரண்டாயிரத்து அறுநூறு. வாங்குகிறவர் நல்ல விவசாயி, நாலு காசு பார்த்தவர். விலை சரியா என்று பார்க்க அவரும் என்னையே கூப்பிட்டார். முதலாளி என் தோளில் கையைப் போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பழசெல்லாம் எதுக்கு? வண்டி எப்பிடி இருக்குதுன்னு மட்டும் சொல்லுப்பா."

பார்த்தேன். மரம் கெட்டியாகவே இருந்தது. எஞ்சினை நடுவில் ஒருமுறை பிரித்து நன்றாக வேலை பார்த்திருந்தார்கள். சந்தையில் பழைய வண்டிக்குக் கிராக்கியும் ஏறியிருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு சரியான விலைதான். அப்படியே சொன்னேன். கோலியனூர்க்காரர் கேட்டார்: "வேற எதுனா இருக்குதா தம்பி? இருந்தா சொல்லிடு."

"வேற ஒண்ணும் இல்லீங்க."

பேரம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. அன்றைக்குத் திண்டிவனத்தில் ஊரைக் கூட்டிச் சொன்னதை இன்றைக்கு விழுப்புரத்தில் ஏன் விழுங்கினேன்? வண்டி அதே வண்டி. பணக்காரன் விற்கும்போது அது பழைய கதை, சவரிமுத்து விற்கும்போது அது விலை. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

மறைக்கச் சொல்லவில்லை நான். வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வண்டியின் பழுது வேறு, ஊர்க்காரர்களின் பயம் வேறு. பழுதுக்கு நீங்கள் விலையைக் குறைக்கலாம். பயத்துக்கும் குறைத்தால், அந்தப் பயத்தை முத்திரை குத்தி ஊர்ஜிதம் செய்பவர் நீங்கள்தான். வாங்குகிறவன் பயந்தால் அவன் பேரம் பேசிக்கொள்ளட்டும். நம்மைக் கேட்டது வண்டியின் விலை.

மறுவாரம் சவரிமுத்துவைத் தேடிப்போனேன். கூட்டேரிப்பட்டில் ஒரு வேர்க்கடலை மண்டியில் கூலிக்கு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கண் மருத்துவத்துக்குப் பணம் கரைந்திருந்தது. கண் தேறவில்லை. காலடிச் சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஆரு?"

"விழுப்புரம் மெக்கானிக்குங்க. உங்க வண்டிய பாக்க வந்தேனே..."

"சாரா? வாங்க சார், குந்துங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். மனதுக்குள் நான் போட்டுவைத்த இரண்டாயிரத்து நானூறையும், நீல பெயின்ட்டையும், கோலியனூர்க்காரரிடம் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் விரல்கள் மல்லாட்டையை உடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் கேட்ட ரெண்டாயிரம்?"

"நியாயமான வெலதாங்க ஐயா."

"அது எனக்குத் தெரியும் சார்."

கையில் இருந்த முந்நூறு ரூபாயை நீட்டினேன். அப்போது என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் அதைத் தொடவில்லை.

"அது இருக்கட்டும். தெரிஞ்சவங்கிட்டயே வந்து சொல்லிக்கினு இருந்தா இன்னா சார் அர்த்தம்? அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க. 'பொணவண்டிய ஏமாத்தி விக்கப் பாத்தான்'னு ஒரு பேரு இன்னும் அங்க எனக்கு இருக்குது. எம்பொண்ணு அந்தப் பக்கமா போனா இன்னிக்கும் சொல்றாங்க. நெலம் போனா போவுது. அந்தப் பேரையும் சொமந்துக்கினு நான் சாவணுமா?"

இரண்டு பேரும் பஸ் ஏறித் திண்டிவனம் போனோம். என் பிழைப்பே என் வாய்ச்சொல்லில் இருந்தது. அது தப்பு என்று நானே ஊரில் சொன்னால் நாளைக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள்? இறங்கி ரயில்வே கேட் பக்கம் நடந்தபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை நினைத்தேன். அந்தக் கை தோளில் இருந்ததால்தான் போகவில்லை.

புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். இந்த இடத்தில் இவர் தம் வண்டிக்கு இரண்டாயிரம் கேட்டார், நான் ஆயிரம் என்றேன், நான் சொன்னதுதான் தப்பு, வண்டியில் ஒரு குறையும் இல்லை, இவர் யாரையும் ஏமாற்றவில்லை, கேட்டதும் மறைக்காமல் சொன்னார், அவர் கேட்ட விலை நியாயமானது. இவ்வளவுதான் பேசினேன்.

யாரோ ஒருவன் சிரித்தான். "இன்னா மெக்கானிக்கு, செத்த பாம்ப எடுத்து வந்து அடிக்கிற?"

டீக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் அருகே வந்தார்.

"நீ வெளியூரு. தெரியாம பேசிட்ட. நான் தெரிஞ்சவன். என் தம்பி ஆஸ்பத்திரியில செத்தப்போ இவரு வண்டியிலதான் கொண்டாந்தோம். வேற எந்தப் பாவியும் வரல. இவரு வாடககூட வாங்கிக்கல. அன்னிக்கு நீ அந்தத் துணியத் தூக்கிப் புடிச்சப்போ நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல. மொதல்ல பின்னால போனவன் நான்தான்."

சவரிமுத்து குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரியும். நீங்க பின்னால போனத நான் பாத்தேன். அப்ப எனக்கு அந்த அளவுக்குக் கண்ணு தெரிஞ்சிது."